மூன்று விளக்குத் தொப்பி

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பெயர் பேட்டரிக்காரர். இருபத்தாறு வருடமாகப் பேட்டரி, முகப்பு விளக்கு, ஹாரன், வைப்பர் மோட்டார் என்று மாரடித்ததில் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது. பேச்சு குறைவு, கை சுத்தம். ஒயரை முறுக்கி டேப் சுற்றி அனுப்பிவிடும் ரகம் அல்ல. ஈயம் வைத்து ஒட்டி, உறை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் கையைத் துடைப்பார். அப்படிப்பட்ட மனிதர் தன் ஐம்பத்தோராவது வயதில், மனைவி வெளியே போயிருக்கும் மதிய நேரங்களில், ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு, தலையில் மூன்று விளக்கு வைத்த தொப்பியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் மகளுடையது. படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனாள். அதில் ஒரு விமான விளையாட்டும் கிடந்தது. என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று ஒரு நாள் திறந்தவர், அன்றிலிருந்து அதை விடவில்லை. ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம். ஏற்றுவது சுலபம். இறக்குவதுதான் பாடு. ஓடுபாதையை இடது தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். திரையிலோ முன்னால் தெரிவது மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் பார்க்க ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அதை அழுத்துவதற்குள் விமானம் வயலில் போய் மூக்கைக் குத்திவிடும்.

ஒரு முறை தேநீர் இடைவேளையில் வாய்தவறி இதைப் பணிமனையில் சொல்லிவிட்டார். இளவட்டங்கள் பிடித்துக்கொண்டன.

“அண்ணே, பெல்ட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தீங்களா?”

“டீ குடுக்கறதுக்குப் பொண்ணுங்க வருமாண்ணே?”

ஒரு வாரம் அவர் எந்த வண்டியைத் தொட்டாலும் பின்னாலிருந்து ஒருவன் விமானம் கிளம்புகிற சத்தம் போட்டான். அத்தோடு வாயைப் பூட்டிக்கொண்டார். வீட்டிலும் சொல்லவில்லை. மனைவி கேட்டால் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணுவதாகச் சொன்னார்.

“அதென்னங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை சுத்தம் பண்ற அளவுக்கு அதுல அழுக்கு சேருது?” என்பாள் அவள். அவ்வளவுதான். அவளுக்கு வேறு வேலை இருந்தது.

மனைவி தையற்காரி. முன்னறை முழுக்க அவள் தையல் மெஷினும் வெட்டுமேஜையும்தான். ஹோட்டல், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என்று சீருடை தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு நிறத்தில் ஒரு கண் உண்டு. துணியைக் கொண்டுபோகாமலே நூல்கடைக்குப் போய், எழுபது வகை நீலத்தில் சரியான நீலத்தை எடுத்து வருவாள். நூல்கடைக்காரரே ஏதாவது சந்தேகம் வந்தால், “அக்கா, இது ரெண்டும் ஒண்ணா வேறயா, கொஞ்சம் பாருங்க” என்று அவளிடம்தான் நீட்டுவார். வீடு தேடி வர முடியாதவர்களுக்கு உள்ளறை ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன் நின்று, கேமராவில் துணியைக் காட்டுவாள். அந்தக் கேமரா மகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கி அனுப்பியது.

பேட்டரிக்காரர் கைவைத்தது அதில்தான்.

தலையை ஆட்டினால் விமானத்துக்குள் பார்வையும் ஆடும்படி ஒரு சாதனத்தை வீட்டிலேயே செய்யலாம் என்று ஒரு வெள்ளைத்தாடிக்காரர் வீடியோவில் காட்டினார். அவர் பேசிய பாஷை புரியவில்லை. கை செய்தது புரிந்தது. தொப்பியில் முக்கோணமாக மூன்று விளக்கு. டிவி ரிமோட்டின் நுனியில் இருக்குமே, அதே விளக்கு. அதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மூன்று புள்ளியும் எப்படி நகர்கின்றன என்று பார்த்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும்.

மூன்று பழைய ரிமோட்டை உடைத்தார். உடைந்த குடையின் கம்பியை வளைத்துத் தொப்பியில் கட்டி, விளக்குகளை ஒட்டி, பழைய போன் சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுத்தார். ஆனால் கேமராவின் உள்ளே லென்சுக்குப் பின்னால் நகத்தில் பாதி அளவு ஒரு கண்ணாடி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை அது உள்ளே விடாது. அதை எடுத்துவிட வேண்டும். பிளேடு நுனியால் மெல்ல நெம்பினார். பணிமனையே மெச்சும் கை அது. கண்ணாடி டிக் என்று இரண்டாக உடைந்தது.

இரண்டு துண்டையும் பொறுக்கி வெளியே போட்டார். அப்புறம் கேமராவை மூடி, அன்று மாலை குழல்விளக்கு வெளிச்சத்தில் சோதித்தார். சுவர் சுவராகத்தான் தெரிந்தது. நாற்காலியின் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ‘ஒண்ணும் ஆகலை’ என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அது வேலை தெரிந்தவர் செய்யக்கூடிய சோதனை இல்லை. குழல்விளக்கில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளி கிடையாது, வெயிலில்தான் உண்டு. அதனால்தானே அவரே மத்தியானத்தில் திரையை மூடிக்கொண்டு ஓட்டினார்? மூடாவிட்டால் ஜன்னல் வெயிலைக் கேமரா நாலாவது விளக்கு என்று எண்ணிக்கொண்டு, விமானத்துக்குள் பார்வை பேய் பிடித்த மாதிரி சுழலும். அது தெரிந்த மனிதருக்கு இது தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்துவிட்டார் என்றும் சொல்லலாம்.

சாதனத்தைச் சரிப்படுத்த மூன்று வாரம் பிடித்தது. முதலில் தலையை வலப்பக்கம் திருப்பினால் பார்வை இடப்பக்கம் போனது. அதைச் சரிசெய்தால், மூச்சு விட்டாலே விமானம் குலுங்குவதுபோல் இருந்தது. நடுவில் கொஞ்சம் இடத்தில் தலை அசைந்தாலும் பார்வை அசையாதபடி வைத்தார். பிறகு, தலை ஒரு சாண் திரும்பினால் பார்வை தோளுக்குப் பின்னால் வரை போக வேண்டும், ஆனால் வெடுக்கென்று போகக் கூடாது. திரையில் அதற்கொரு வளைகோடு இருந்தது. அதை மயிரிழை மயிரிழையாக வளைத்து, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்து, பணிமனையின் பழைய பழுது அட்டை ஒன்றின் பின்புறம் குறித்துக்கொண்டார். பழைய கம்ப்யூட்டர் ஃபிளாப்பியைப் பிரித்து உள்ளே இருந்த கரும்பழுப்பு வட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கேமராவின் முன்னால் ஒட்டினால் மற்ற வெளிச்சமெல்லாம் மறைந்து மூன்று புள்ளி மட்டும் பளிச்சென்று நின்றது. விளையாடி முடித்ததும் துண்டை உரித்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை, கழுத்தைத் திருப்பி, தோளுக்குப் பின்னால் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே வளைந்து வந்து, பூப்போல இறக்கினார். உடம்பு சிலிர்த்தது. சொல்ல ஆள் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கருவிப்பெட்டியின் அடியில் வைத்தார்.

அதற்கடுத்த வாரம்தான் ஒரு ஹோட்டலின் மேற்பார்வையாளர் அம்மாள், வரவேற்பில் நிற்கும் பெண்களுக்குப் பதினான்கு கோட் கேட்டாள். மனைவி ஜன்னலோரம் நின்று மூன்று துணி காட்டினாள். முதலாவது சாம்பல், இரண்டாவது கறுப்பு, மூன்றாவது கருநீலம். தூக்கிக் காட்டும்போது அவள் துணிக்குப் பின்னால் இருந்ததால் திரையைப் பார்க்கவில்லை.

“ரெண்டாவதா காட்டினீங்களே, அது நல்லாருக்குக்கா. எங்கயும் பாக்காத மாதிரி இருக்கு. அதையே போட்டுருங்க.”

கறுப்பை எங்கேயும் பார்த்ததில்லையா என்று மனைவிக்கு ஒரு நிமிடம் தோன்றியிருக்கிறது. ஒவ்வொருத்தர் பேச்சு ஒவ்வொரு மாதிரி என்று விட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்து, காலை ஷிஃப்ட் முடிந்து பேட்டரிக்காரர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கார் நின்றது. உள்ளே சத்தம்.

“அக்கா, நான் கேட்டது அரக்குக் கலர். இது கறுப்பு.”

“ரெண்டாவது துணின்னு சொன்னீங்க. ரெண்டாவது இதுதாம்மா.”

“நீங்க ரெண்டாவதா காட்டினது அரக்கு. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”

“அரக்குல துணியே எங்கிட்ட இல்லையே!”

“அப்ப வேற யாருக்கோ வாங்கினதைக் காட்டியிருப்பீங்க. மறந்துபோயிருக்கும். தப்பா சொல்லலக்கா. வயசாகுதுல்ல. கண்ணை ஒரு தடவை காட்டிருங்க.”

கார் போய்விட்டது. பதினான்கு கறுப்புக் கோட்டும் முன்னறைக் கம்பியில் வரிசையாகத் தொங்கின, எழவுக்கு வந்தவர்கள் மாதிரி. மனைவி அலமாரியையும் மூட்டைகளையும் கலைத்துப்போட்டுத் தேடினாள். கடைசியில் எப்போதோ எவருக்கோ உள்துணி வைத்த மிச்சத்தில் அரக்கு நிறத்தில் ஒரு முழம் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இதைத்தான் காட்டிட்டேனா?” என்றாள். அவரைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவள் நூல்கடைக்குப் போனதும், பேட்டரிக்காரர் ஜன்னல் திரையை விலக்கினார். கோட்டு ஒன்றை எடுத்துவந்து கேமரா முன்னால் பிடித்தார். கையில் இருந்தது அட்டக்கரி. திரையில் இருந்தது நல்ல, கண்ணுக்கு இதமான, எங்கேயும் பார்க்காத மாதிரியான அரக்கு.

தடுக்கக் கண்ணாடி இல்லாததால், துணியில் பட்டுத் திரும்பிய வெயிலின் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளி கறுப்பைச் சிவப்பாக்கியிருந்தது. கோட்டைக் கொண்டுபோய்க் கம்பியில் மாட்டினார். சுருக்கம் விழுந்திருந்தால் தெரிந்துவிடுமே என்று தடவியும் விட்டார்.

சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சாப்பாடு போடும்போது வாயைக்கூடத் திறந்தார்.

“என்னங்க?”

“இல்ல, ஒண்ணுமில்ல. உப்பு கொஞ்சம்.”

கேமராவை உடைத்தேன் என்றால், எதற்கு என்பாள். எதற்கு என்றால் தொப்பி வரும். தொப்பி வந்தால் விமானம் வரும். மகளுக்குப் போன் போகும். தலை நரைத்த ஆள் வண்ணத்துப்பூச்சி மாதிரி கம்பி வைத்துக்கொண்டு கோழிபோலத் தலையைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தார்.

மறுநாள் அவளே, கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னாள். போனார். விடுப்பு போட்டுவிட்டுப் போனார். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை டாக்டர் ஒவ்வொன்றாக நீட்ட, மனைவி பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. ஒன்றும் தவறவில்லை. பேட்டரிக்காரர் பக்கத்து நாற்காலியில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்க கண்ணு எனக்கு இருந்தா நல்லாருக்கும்மா,” என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. “பயப்பட ஒண்ணுமே இல்ல.”

வெளியே வந்ததும் அவள் முகம் இன்னும் சுருங்கியிருந்தது. அவளுடைய அம்மா கடைசி நாலு வருஷம், பெற்ற மகளையே “நீ எந்த வீட்டுப் பொண்ணும்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர். கண் நன்றாக இருக்கிறது என்றால், கெட்டது வேறெங்கோ என்றுதானே அர்த்தம்? அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். அதே மாதிரி இன்னொரு கேமரா வாங்கி, யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்தார். பழையதைக் கருவிப்பெட்டியில் தொப்பியோடு போட்டார். பழுதைச் சரிசெய்துவிட்டோம், இனிமேல் தானாகவே அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். பணிமனையில் யாராவது இப்படி, பழுதான பாகத்தை ஒளித்துவிட்டு வண்டியை அனுப்பினால் அவர் சட்டையைப் பிடிப்பார்.

இரண்டு நாள் கழித்து மகள் அழைத்தாள். அம்மா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

“அம்மா, கேமராதான் கெட்டிருக்கும். நீ வீணா மனசைப் போட்டு ஒழப்பிக்காத. அந்தக் கோட்டைக் கொண்டுவந்து காட்டு. ஜன்னல்கிட்ட நில்லு, ஆங்.”

பேட்டரிக்காரர் கதவோரம் நின்றார். மனைவி கோட்டைத் தூக்கினாள்.

“எப்படித் தெரியுதுடி?”

“கறுப்பாத்தாம்மா தெரியுது,” என்றாள் மகள், குரலைத் தாழ்த்தி. “நல்ல கறுப்பு.”

“சரி.” கோட்டை இறக்கினாள். “அப்ப தப்பு எங்கிட்டதான்.”

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்ப வந்து பார்த்தாள். துணிக்கட்டுகளில் சீட்டு ஒட்டினாள்: சாம்பல், நீலம், கறுப்பு. பள்ளிக்கூடத்துக்காரர்கள் கூப்பிட்டபோது, “இந்த வருஷம் முடியாதுங்க, வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டாள். பத்து வருடமாகத் தைத்த பள்ளிக்கூடம். மகளுக்கு அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டுமாம். “அம்மாவை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா. பாட்டிக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?” அவர் “ம்” என்றார். அந்த ‘ம்’ அவர் காதிலேயே அசிங்கமாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி முன்னறையிலிருந்து கூப்பிட்டாள். வெட்டுமேஜை மேல் ஒரு துணியும் மூன்று நூல்கண்டும் இருந்தன.

“என்னங்க, கோபப்படாம சொல்லுங்க. இதுல எது இந்தத் துணிக்குச் சேரும்?”

எழுபது நீலத்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவள், காலுறை இரண்டும் ஒரே ஜோடியா என்று பார்க்கத் தெரியாத மனிதரிடம் நூல் நிறம் கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகக் கேட்டாள்.

பேட்டரிக்காரர் உள்ளே போனார். கருவிப்பெட்டியோடு வந்தார்.

“இங்க வா,” என்றார். “ஜன்னல்கிட்ட வா. கோட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு வா.”

புதுக் கேமராவைப் பிடுங்கிப் பழையதை மாட்டினார். திரையை விலக்கி, வெயிலை உள்ளே விட்டார். “புடி.”

அவள் பிடித்தாள். இந்த முறை திரைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கோட்டை இறக்கிக் கண்ணால் பார்த்தாள். மறுபடி தூக்கினாள். கறுப்பு. அரக்கு. கறுப்பு. அரக்கு. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வாரமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

“அய்யோ! அந்தம்மா சொன்னது நிஜந்தான்! எனக்கு ஒண்ணும் ஆகலை! ஏங்க, எனக்கு ஒண்ணும் ஆகலைங்க!”

“ஒனக்கு ஒண்ணுமில்ல. நான்தான் கேமராவைப் பிரிச்சேன்.”

சொல்லி முடித்தார். கண்ணாடி உடைந்தது, தொப்பி, விமானம், எல்லாம். தொப்பியை எடுத்துக் காட்டினார். அவள் கையில் வாங்கிக் குடைக்கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தாள். சிரிப்பின் மிச்சம் இன்னும் முகத்தில் இருந்தது.

“இதுக்கா இவ்வளவு மறைச்சீங்க? வெளையாடினா வெளையாடறேன்னு சொல்லிட்டுப் போறது. நான் என்ன ஒங்க வாத்தியாரா?” பிறகு எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல் நின்றாள். “கேமராவாலதான்னு ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“அந்தம்மா வந்துட்டுப் போன மறுநாள்.”

“கண்ணாஸ்பத்திரிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

சிரிப்பின் மிச்சமும் போய்விட்டது. “பொண்ணு போன் பண்ணி, கறுப்பாத் தெரியுதுன்னு சொன்னாளே. அப்ப இருந்தது?”

“புதுசு. நான்தான் மாத்தி வெச்சேன்.”

“அப்ப எங்க நின்னீங்க?”

“கதவுகிட்ட.”

தொப்பியை மேஜை மேல் வைத்தாள். எறியவில்லை. எறிந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். “சட்டையை மாத்துங்க,” என்றாள். “அந்த ஹோட்டலுக்குப் போறோம். நீங்கதான் பேசணும். கேமரா, தொப்பி எல்லாத்தையும் எடுத்துக்குங்க. ஒண்ணு விடாம.”

ஹோட்டல் வரவேற்பறையில் பெரிய கண்ணாடிச் சுவர், வேண்டிய மட்டும் வெயில். மேற்பார்வையாளர் அம்மாளின் கம்ப்யூட்டரில் கேமராவைச் செருகிக் கோட்டைக் காட்டினார். அந்த அம்மாளும் கறுப்பு, அரக்கு என்று நாலு தடவை பார்த்தாள். வரவேற்புப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“சரி சார், இதை எதுக்குப் பிரிச்சீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து தொப்பியை எடுத்தார். சொன்னால் புரியவில்லை. கடைசியில் தலையில் போட்டே காட்ட வேண்டியதாயிற்று. தலையை இப்படித் திருப்பினால், என்று திருப்பினார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இன்னொருத்தி, “சார், ஒரு போட்டோ?” என்றாள். காது மடல் எரிய எரிய, தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

“மன்னிச்சிருங்கக்கா,” என்றாள் அந்த அம்மாள், அவரைத் தாண்டி மனைவியிடம். “வயசாயிருச்சுன்னு என்னென்னமோ சொல்லிட்டேன். கறுப்பும் நல்லாத்தான் இருக்கு, குடுத்து அனுப்புங்க.”

“அனுப்பறேன்மா,” என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்துக்கும் அன்றே போன் பேசினாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம்.

அவள் அதற்கப்புறம் அவரிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு மாதம் ஆனது. சாப்பாடு வந்தது, துவைத்த சட்டை வந்தது, பேச்சு வரவில்லை. ஆனால் அளவு கொடுக்க வருகிறவர்களிடம் கதையைச் சொல்ல அவள் தயங்கவே இல்லை. உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். குடைக்கம்பி, ரிமோட், கோழிபோலத் தலையைத் திருப்புவது, வரவேற்புப் பெண் போட்டோ கேட்டது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மகளும் போனில் சிரித்தாள். எப்படியோ பணிமனைக்கும் போய்விட்டது. “கேப்டன்” என்றுதான் இப்போது அவரைக் கூப்பிடுகிறார்கள்.

அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் காத்திருப்பது வேறொன்றுக்கு. கேமராவைப் பிரித்தார், நான் கறுப்பைக் காட்டினேன், அந்த அம்மாளுக்கு அரக்காகத் தெரிந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அடுத்து ஆஸ்பத்திரி வர வேண்டும். கைப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும், கதவோரம் நின்றவரும் வர வேண்டும். அவள் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்துவாள், கத்திரியை எடுப்பாள், நேராக ஹோட்டலுக்குத் தாவிவிடுவாள்.

மகளிடம்கூட அதைச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அது இரக்கமா, வேறு ஏதாவதா என்று கேட்கும் தைரியம் அவருக்கு இன்னும் வரவில்லை.